ஆற்றங்கரையில் ஒரு கதவு

மேகங்கள் இளைப்பாற வரும் திசையில் நெடும்புனல் என்றொரு நாடு உண்டு. நான் அதன் குடிமகன். அதில் எனக்குப் பெருமை. வீடு உள்ள எல்லோரும் அரண்மனைக்குக் காப்பீட்டுத் தவணை கட்டவேண்டும். வெள்ளத்தில் வீடு போனால் அரண்மனை கட்டித்தரும். பக்கத்து நாடுகளில் இப்படியொரு ஏற்பாடு கிடையாது.

ஒரு பெருமழைக்குப் பின் இழப்பீட்டு மனுக்கள் குவிந்துவிட்டன. அவற்றை ஒழுங்குபடுத்த மந்திரி ஆளவந்தார் ஒரு மென்பொருள் செய்வித்து, அரியணைக்கு எதிரே திரை வைத்தார். தீராத மனு சிவப்பு, தீர்ந்தது பச்சை. சிவப்பைப் பார்த்தால் மன்னருக்குச் சோறு இறங்காது.

"மன்னா, இனி மனுவோடு வீட்டின் படம் வரவேண்டும். படத்தில் வீடு இல்லையென்றால் மென்பொருளே மனுவை முடித்துவிடும்."

"அது ஏன்?"

"இல்லாத வீட்டுக்குச் சேதம் எப்படி வரும், மன்னா?"

சபை கைதட்டியது. மறுநாளே திரையில் முக்கால்வாசி பச்சை. மன்னர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆற்றோரம் இட்லி விற்கும் வடிவாம்பாவின் மனுவும் அப்படித்தான் பச்சையானது. வீடு போய், பிள்ளைகளோடு சந்தைக் கொட்டகையில் கிடந்தாள். அடுத்த மழைக்குள் அவளுக்கு ஒரு கூரை வேண்டும். சேற்றில் புதைந்திருந்த தன் கதவை நிலையோடு பெயர்த்தெடுத்து, வெறும் மனையில் நட்டு, படம் எடுத்து அனுப்பினாள். மென்பொருள் வீடு என்று நம்பிவிட்டது. திரையில் சிவப்பு. மந்திரியே ஓடிவந்தார்.

"என்னம்மா, கதவு மட்டும் நிக்குது?"

"மிச்சத்தத்தான் உங்ககிட்ட கேட்டிருக்கேன்யா."

மந்திரி அங்கேயே ஆணையிட்டார்: கதவு இருப்பதால் இது வீடு. வீடு நிற்பதால் இழப்பீடு இல்லை, தவணை உண்டு. வடிவாம்பா கதவைப் பிடுங்கவில்லை. தினமும் துடைத்து, முன்னால் கோலமும் போட்டாள். அவளைப் பார்த்து ஆற்றோரம் முழுக்கக் கதவுகள் முளைத்தன. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் தலை தானாக நிமிரும்.

அடுத்த மழையில் அரண்மனையே சரிந்து ஆற்றோடு போனது. மன்னர் தப்பினார், திரையும் தப்பியது. மன்னர் போட்ட மனு கண்ணிமைப்பதற்குள் பச்சையானது.

"நம் வீட்டுக்குமா இழப்பீடு இல்லை?" என்றார் மன்னர்.

"மென்பொருளுக்கு எல்லோரும் சமம், மன்னா," என்றார் மந்திரி. குரலில் பழைய பெருமை இல்லை. "ஒரு கதவு மட்டும் கிடைத்தால்..."

குடை பிடித்தபடி பரிவாரம் ஆற்றோரம் வந்தது. கதவுக்குப் பின்னால், நனைந்த சாக்கைப் பிள்ளைகளின் தலைமேல் பிடித்தபடி நின்றிருந்தாள் வடிவாம்பா. மந்திரி கதவைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போனார்.

"அம்மா, மன்னர் வந்திருக்கார். உன் கதவுகிட்ட நின்னு ஒரு படம் எடுத்துட்டுப் போயிடுவார்."

"சுத்தி வராதீங்கய்யா. இது வீடுன்னு நீங்கதான சொன்னீங்க? அவர தட்டச் சொல்லுங்க."

சுவரில்லாத அந்த வீட்டின் முன்னால், கொட்டுகிற மழையில், மன்னர் கதவைத் தட்டினார்.

வடிவாம்பா உடனே திறக்கவில்லை.