மூன்றாவது பாறையில் சொன்ன உண்மை

என் மனைவி மஜீதாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரே நிபந்தனை, அது அவள் காதில் விழக்கூடாது.

விஷயம் இதுதான். ஜப்பான்காரன் காலம். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரமே கருகிய சோளத்தைக் காய்ச்சி, அதைக் காப்பி என்று நம்பிக் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு பீர் முகம்மதிடம் மட்டும் யுத்தத்துக்கு முன்னால் வாங்கிய அசல் காப்பித்தூள் ஒரு டின் இருந்தது. எங்கள் வீட்டில் மஜீதாவின் செவலைக்கோழி இருந்தது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்கிற வீட்டில் அது இடும் முட்டைதான் ஒரே சந்தோஷம். பீருக்கு ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கோழி ஆணம் ஊற்றிச் சாப்பிட ஆசை வந்துவிட்டது. "கோழியைக் கொடு, டின்னை எடுத்துக்கோ" என்றான். டின்னை உடனே எடுத்துக்கொண்டேன். என் ஜவுளிக்கடையில் துணியைத் தவிர எல்லாம் இருந்த நேரம் அது. காலி அலமாரியில் டின்னை ஒளித்துவைத்துத் திருட்டுத்தனமாகக் குடித்து வந்தேன். கோழியைக் கொடுக்கத்தான் தைரியம் வரவில்லை.

பெருநாள் நெருங்கியது. பீர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"கோழி எங்கே லா?"

"மஜீதாகிட்ட சொல்லணும்."

"சொல்லு."

"நீ சுலபமா சொல்லிட்டே. வாங்கிக் கட்டிக்கப் போறது நானு."

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. எப்போதாவது செய்யும். ரவாங் பாதையில் காட்டுக்குள் ஓர் அருவி இருக்கிறது. மழை பெய்தால் ஆறு முழுவதும் பாறைமேல் இருந்து குதிக்கும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அங்கே வைத்துச் சொல்ல வேண்டியது. அவளும் எதையோ சொல்கிறேன் என்று தலையாட்டுவாள். பிறகென்ன? நிக்காஹ்வில் அவள் வாயைத் திறந்தா சம்மதம் சொன்னாள்? தலையைத்தான் ஆட்டினாள். சாட்சிகள் பார்த்தார்கள், கல்யாணம் செல்லுபடியாகிவிட்டது. அந்தச் சட்டம் கோழிக்கும் பொருந்தும். சாட்சிக்கு பீரையே கூட்டிக்கொண்டேன்.

இன்னொரு கணக்கும் போட்டிருந்தேன். என் மாமனார் டமாரச் செவிடு. அவர் வீட்டில் யாரும் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவ்வளவு அமைதியான வீட்டில் வளர்ந்தவள், அருவிச் சத்தத்தில் மிரண்டே போய்விடுவாள்!

விறகு லோரியில் தொற்றிக்கொண்டு போய் இறங்கினோம். அருவியைப் பார்க்க மூன்று பாறைகள் உண்டு. முதல் பாறைக்குக் கொஞ்ச தூரம்தான் நடை. அருவி எட்டத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. சோதித்துப் பார்த்தேன்.

"மஜீதா, கோழி..."

"கோழிக்கென்ன?"

காது நன்றாகவே கேட்டது.

"கோழிக்குத் தவிடு வச்சியான்னு கேட்டேன்."

"வச்சேன். உங்களுக்குத்தான் இன்னும் வைக்கலே."

இரண்டாவது பாறையில் சாரல் முகத்தில் அடித்தது.

"ரொம்ப அழகு!" என்றேன்.

"யாரு?"

"அருவி!"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதுவும் கேட்டுத் தொலைத்தது.

மூன்றாவது பாறை அருவிக்கு நேர் எதிரே இருந்தது. காலடியில் பாறை அதிர்ந்தது. பீர் வாயைத் திறந்து திறந்து மூடினான், ஒரு சொல் கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மஜீதாவைப் பார்த்துக் கத்தினேன்.

"உன் கோழியை பீருக்குக் கொடுத்துட்டேன்! காப்பித்தூள் டின் கடை அலமாரியில மேல்தட்டுல இருக்கு! தினமும் குடிக்கிறேன்!"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. எனக்கு வீரம் பொங்கியது.

"உன் மீன் ஆணத்தை மீனே வாயில வைக்காது! உங்க வாப்பா தலையில கட்டின பொண்ணுக்கு நான் ஏன் பயப்படணும்?"

அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். நான் பீரைப் பார்த்தேன். பீர் பார்த்தாயிற்று என்று கண்ணடித்தான். பிறகு அவள் பீரைக் காட்டி ஏதோ சொன்னாள், என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். அந்த மகிழ்ச்சியில் நாங்கள் இருவரும் பலமாகத் தலையாட்டினோம்.

சத்தம் அடங்கும் தூரத்துக்கு இறங்கி வந்ததும் பீர் அவசரப்பட்டான்.

"அப்ப கோழியை இன்னிக்கே எடுத்துக்கிறேன் லா."

"எந்தக் கோழி?" என்றாள் மஜீதா.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நிக்காஹ் சட்டத்தை விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சரிதான் மச்சான். தலையாட்டினா சம்மதம். நான் ஆட்டினேன், கோழி பீர் அண்ணனுக்குப் போயிடுச்சு."

"பார்த்தியா பீர்!"

"அப்புறம், 'பீர் அண்ணே, கோழியை எனக்கே விட்டுக்கொடுத்துடுங்க'ன்னேன். அவரு ஆட்டினாரு. திரும்பி வந்துடுச்சு. 'மச்சான், டின் என் அடுப்படிக்கு வந்துடணும்'னேன். நீங்க ரெண்டு தடவை ஆட்டினீங்க. ஒருத்தருக்கொருத்தர் சாட்சி."

அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"டின் விஷயம் உனக்கெப்படித் தெரியும்?"

"நீங்கதானே சொன்னீங்க."

"அந்தச் சத்தத்துல எப்படிக் கேட்டுச்சு?"

"எங்கே கேட்டுச்சு? எங்க வாப்பாவுக்குக் காது கேட்காது. எங்க வீட்டுல வாய் அசையறதைப் பார்த்தே எல்லாரும் பேசிக்குவோம். நீங்க பேசினப்ப உங்க வாயைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

அந்த ஆசைப் பார்வைக்கு அர்த்தம் இப்போது புரிந்தது.

"அப்ப... மீன் ஆணம் பத்தி..."

"அதை நல்லாத் திருத்தமா சொன்னீங்க மச்சான்."

பெருநாளைக்கு பீர் வீட்டுக்கு ஒரு முட்டை போயிற்று. மஜீதா பெரிய மனசுக்காரி.

எனக்கு மட்டும் தீர்ப்பு அருவிக்குப் போய்வந்த மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. வீடெல்லாம் அசல் காப்பி மணம். மஜீதா ஒரு குவளையோடு எதிரே உட்கார்ந்தாள். எனக்கும் ஒரு குவளை வந்தது. ஒரு வாய் குடித்தேன். கருகிய சோளம்.

"நல்லா இருக்கா மச்சான்?" என்றாள், என் வாயையே பார்த்துக்கொண்டு.

வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையாட்டினேன்.