சமாளித்த நண்டு

ஒரு காட்டில் என்று அமைதியாகத் தொடங்கத்தான் ஆசை. நீ எங்கே விட்டாய்? எங்கோ உட்கார்ந்துகொண்டு இரவு பகலாக ஆலைப் புகை விட்டு வானிலையைக் கெடுத்தாய். மூன்று மாதம் பெய்ய வேண்டிய மழை இங்கே மூன்றே நாளில் கொட்டி, அந்தக் காட்டுக் குளத்தின் கரையைப் பிய்த்துக்கொண்டு போனது. பிறகு ஒன்பது மாதம் ஒரு சொட்டு இல்லை.

குளத்தில் பூங்காவனம் என்றொரு நண்டு இருந்தாள். வயிற்று மடிப்பில் குஞ்சுகளோடு, கடைசி ஈரச் சேற்றில் ஒண்டியிருந்தாள். அடுத்த மழைக்குள் கரை உடைப்பை அடைக்காவிட்டால் வெள்ளம் குஞ்சுகளை வாரிக்கொண்டு போய்விடும். காட்டை ஆளும் யானைகளிடம் உடைப்பை அடைக்கக் களிமண் இருந்தது. ஒரு குளத்துக்குத்தான் காணும். எந்தக் குளத்துக்கு என்று ஆராய்ந்து சொல்லக் கடல் தாண்டி ஒரு பூநாரை வந்தது, இறக்கை இடுக்கில் டேப்லெட்டோடு.

"நூத்தி இருபது கேள்வி இருக்கும்மா. பொறுமையா பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார். கேள்விக்கு ஒரு வாய் மண்ணு அந்த உடைப்புல போட்டுட்டுக் கேளுங்க."

"நாங்க ஆய்வு மட்டும்தான்."

"சரி, ரெண்டு கேள்விக்கு ஒரு வாய்?"

"மண்ணு போட்டா ஆய்வு முடிவு மாறிடும்மா."

"மாறணும்னுதானே சார் கேக்கறேன்!"

பூநாரை அடுத்த கேள்விக்குப் போனது. "போன கோடையில குளம் வத்தினப்போ என்ன செஞ்சீங்க?"

வந்தவரிடம் மூக்கைச் சிந்துவது பூங்காவனத்துக்குப் பழக்கமில்லை. பெற்றதில் பாதி வெயிலில் காய்ந்து செத்ததை வெளியே சொல்லாமல் மென்று விழுங்கிவிட்டாள். "என்னத்த செய்ய? எப்படியோ சமாளிச்சோம்."

பூநாரையின் கழுத்து நீண்டது. "யாரும் உதவாமலா?"

"யாரு இருக்கா உதவ?"

"அருமை!" என்று டேப்லெட்டில் ஒரு கட்டத்துக்குள் குறி போட்டது.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. 'இக்குளத்து நண்டுகள் தாமாகவே தகவமைந்துவிட்டன. தாங்குதிறன் வியக்கத்தக்கது. களிமண் தேவையில்லை.' மண் பக்கத்துக் குளத்துக்குப் போனது. அங்கே தவளைகள் முதல் கேள்விக்கு முன்பே ஒப்பாரியைத் தொடங்கியிருந்தன.

பூங்காவனம் அறிக்கையோடு வந்த பூநாரையை மறித்துக் கொடுக்கைத் தூக்கினாள். "யோவ்! சமாளிச்சோம்னா செத்துப் பொழைச்சோம்னு அர்த்தம்யா! நீ எங்கய்யா தமிழ் கத்துக்கிட்ட?"

"அப்படியா? இந்தச் சொல்லுக்கே தனியா ஒரு ஆய்வு வைக்கலாமே!" என்று பூநாரை மகிழ்ந்து பறந்தது.

அன்று மாலையே மழை முந்திக்கொண்டது. அடைக்காத உடைப்பு வழியே வெள்ளம் பாய்ந்தது. வேரைக் கவ்வித் தொங்கிய பூங்காவனத்தின் மடிப்பில் விடியும்போது ஏழு குஞ்சுகள் மிஞ்சியிருந்தன. மேலே வட்டமிட்ட பூநாரை எண்ணிப் பார்த்துவிட்டு, 'மறுபடியும் சமாளித்தார்கள்' என்று குறித்துக்கொண்டது.

நீதி: குஞ்சுக்கு நீந்தச் சொல்லித்தருமுன் ஒப்பாரி வைக்கச் சொல்லிக்கொடு, பிழைத்துக் கிடப்பவனுக்கு மண்கூடக் கிடைக்காது. புகை விட்ட மகராசா, எங்களைப் பார்த்து வியந்தது போதும். கூடையை எடு, வந்து கரையைக் கட்டு.