மயோனைஸைச் சுண்ணாம்பு என்றவர்

ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துவர வெட்கப்பட்ட மனிதரை நான் சுற்றிய ஊர்களிலெல்லாம் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். அந்தமானில், வண்டூரில் மீன் வறுவல் கடை வைத்திருந்த கட்சால்காரர். பிறந்த தீவே பெயராகிவிட்டது.

மீனுக்குத் தொட்டுக்கொள்ள உலகத்தில் ஒன்றுதான் உண்டு என்பது அவர் கட்சி. தேங்காயும் கொச்சிக்காயும் இடித்த சம்பல். மிளகாயை அவர் கொச்சிக்காய் என்றுதான் சொல்வார். தக்காளி சாஸ் இருமல் மருந்து. வினிகர் தரை துடைக்க. மயோனைஸ் சுண்ணாம்பு.

ஒருமுறை டெல்லியிலிருந்து வந்த புதுமணத் தம்பதி, கொண்டுவந்த மயோனைஸ் பாக்கெட்டைப் பிரித்து மீன்மேல் பிதுக்கினார்கள். கட்சால்காரர் தட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"யே மச்லி ஹை, திவார் நஹி." இது மீன், சுவர் இல்லையாம்.

மீனைக் குழாயடியில் கழுவி, சம்பல் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். மாப்பிள்ளை திறந்த வாயை மூடவில்லை.

நான் அப்போது சுற்றுலாப் படகில் வேலை பார்த்தேன். ஒருநாள் கயிறு அறுந்து முகத்தில் அடித்தது. உதடும் ஈறும் கிழிந்தன. கஞ்சியில் உள்ள உப்பு பட்டாலே உயிர் போனது. பட்டினியில் எழுந்து நிற்க முடியவில்லை. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போடுவேன் என்றார் முதலாளி. சீசன் நேரம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கட்சால்காரர் பார்க்க வந்தார். "சம்பல் பட்டாப் புண்ணு ஆறும் தம்பி" என்று விரலால் ஒரு துளி வைத்தார். நான் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு வங்காளி அம்மா ஓடிவந்தார். முகம் செத்துப்போய் எழுந்து போனார் கட்சால்காரர்.

மறுநாள் எதையோ துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, கதவைச் சாத்தினார். துண்டுக்குள்ளே மயோனைஸ் பாட்டில். எனக்கு வலியே மறந்துவிட்டது.

"என்னண்ணே இது?"

"சும்மா கெட. முட்டையும் எண்ணெயும்தானாம். தெம்பு வரும்."

அவித்த உருளைக்கிழங்கையும் முள்ளெடுத்த மீனையும் அதில் பிசைந்து, முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார். கஷாயம் குடித்த பிள்ளை மாதிரி முகம் கோணியது.

"எப்படிண்ணே இருக்கு?"

"சுண்ணாம்பேதான். நீ தின்னு."

தினமும் வந்தார், தினமும் கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டினார். திங்கட்கிழமை எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டேன். படகு கிளம்பும் நேரம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு கட்சால்காரர் வந்தார். ஒரு கையில் சோற்று டப்பா, இன்னொரு கையில் அந்தப் பாட்டில். துண்டு இல்லை.

"க்யா பாய், நீயுமா?" என்று பக்கத்துப் படகிலிருந்து எவனோ கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் திரும்பவே இல்லை. இரண்டையும் என் மடியில் வைத்தார்.

"மத்தியானம் தின்னு. புண்ணு எரிஞ்சுதா இல்லையான்னு பொழுதுசாய வந்து சொல்லிட்டுப் போ."