கருங்கடலில் அள்ளிய பன்னிரண்டு கேன்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. என் பெண்டாட்டி டோன்கா சமையலறையில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் காதில் விழாமல் இதைச் சொல்லி முடிக்க வேண்டும்.

என் பெயர் ஜெல்யாஸ்கோ. எங்கள் மொழியில் இரும்பு என்று அர்த்தம். பெயர் வைத்த என் அப்பாவுக்கு, பிள்ளை ஒருநாள் உப்புத் தண்ணீரோடு குடித்தனம் நடத்தப்போகிறான் என்று யாரும் சொல்லவில்லை. கருங்கடல் கரையில், வார்னா துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டினேன். இருபது டன் பெட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ரொட்டி தின்றவன். பயம் எந்த நிறத்தில் இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

பிறகு டோன்கா ஓய்வு பெற்றாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை அவளுக்கு. சோதிக்க ரத்தம் இல்லாமல் கை அரித்தது போலிருக்கிறது. டெலிவிஷன் இருந்த இடத்தில் முந்நூறு லிட்டர் பவளத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள், நடுவில் ஒரு கடல்சாமந்தி. பூ மாதிரி இருக்கும், ஆனால் பிராணி. பொத்தான் அளவில் வாங்கி, ஒன்பது வருஷம் வளர்த்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். அதற்குப் பெயர் மகாராணி. வீட்டில் மகாராணிக்கு அடுத்த இடம் மீன்களுக்கு. எனக்கு வாளி தூக்கும் இடம்.

போன நவம்பரில் விதின் நகரத்தில் இருக்கிற அவள் அக்கா பென்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். டோன்கா பெட்டி கட்டினாள்.

"ஜெல்யோ, சனிக்கிழமை முப்பது லிட்டர் எடு, முப்பது லிட்டர் ஊத்து. தண்ணி வாரா வாரம் மாறணும். மறந்தேன்னு சொல்லாதே."

"நானா மறப்பேன்?"

"மகாராணிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் பென்கா வீட்டுலயே இருந்துடுவேன்."

அவள் சிரிக்காமல் சொன்னாள். ஆண்பிள்ளைகள் சில பேர் இதைக் கேட்டு உள்ளுக்குள் சந்தோஷப்படலாம். அவர்கள் தங்கள் கையால் சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலையில் வாளியைக் கையில் எடுத்தேன். ஜன்னலுக்குக் கீழே க்ரோஸ்தான் விசில் அடித்தான். கடல் பூங்காவில் தாயக்கட்டை உருட்டித் தப்லா என்கிற பலகை விளையாட்டு ஆடுகிற என் கூட்டாளி.

"வாடா, பலகை விரிச்சாச்சு."

"தண்ணி மாத்தணும்டா. வாரா வாரம் மாத்தணுமாம்."

அவன் மரங்களுக்கு அப்பால் கையைக் காட்டினான். "அதோ கிடக்கு கடல். அதுக்கு யாரு வாரா வாரம் தண்ணி மாத்துறா? மேயரா?"

ஆயுசில் இப்படி ஒரு அறிவான பேச்சை நான் கேட்டதில்லை. வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போனேன். ஐந்து ஆட்டம் ஜெயித்தேன்.

சாயங்காலம் போன் வந்தது.

"மாத்தினியா?"

"மாத்தினேன்."

"முப்பது லிட்டர்?"

"முப்பத்தி ஒண்ணு. ஒரு லிட்டர் உன் மேல இருக்கிற பிரியத்துல."

"உப்புமானியில பார்த்தியா? எவ்வளவு?"

உப்புமானி என்பது கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்னக் குழல். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும். அவள் ஒவ்வொரு வாரமும் பார்த்து, முப்பத்தைந்து என்று சத்தமாகச் சொல்வாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எனக்கு அந்த நம்பர் வரும்.

"முப்பத்தஞ்சு. கோட்டு மேலயே நிக்குது."

அந்தப் பக்கம் கைப்பை திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. "நல்லது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து விளக்கைப் போட்டேன். மகாராணியைக் காணோம். தட்டு அகலம் இருந்தவள் வாதுமைக்கொட்டை அளவுக்குச் சுருங்கி, தோல் சுருக்கம் விழுந்து, பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். கோமாளி மீன் இரண்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தன. சாட்சிக் கூண்டில் நிற்கிற மாதிரி.

என் முழங்கால் இரண்டும் கழன்றுகொண்டன. பென்காவுக்குச் செய்த ஆபரேஷன் எனக்குத் தேவைப்பட்டது. க்ரோஸ்தானைக் கூப்பிட்டேன். வந்தான். மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தான்.

"செத்த மாதிரிதான் இருக்கு."

"மாதிரியா, செத்தே போச்சா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நாடி எங்க பார்க்கிறதுன்னு சொல்லு, பார்க்கிறேன்."

"தண்ணி மாத்தாததுதான்டா காரணம். இப்ப உப்பு கலக்கணும்னா ஒரு நாள் ஊறணும். அதுக்குள்ள போயிடும்."

"எதுக்குக் கலக்கணும்? கடல் கீழதானே இருக்கு. கடல் பிராணிக்குக் கடல் தண்ணி. மாத்தாததுக்கும் சேர்த்து நிறைய மாத்து."

நாலாவது மாடி. லிப்ட் போன மாசமே நின்றுபோனது. பத்து லிட்டர் கேன் கைக்கு ஒன்றாக ஆறு நடை. பன்னிரண்டு கேன். ஒவ்வொரு நடையிலும் என் இருதயம் எனக்கு ஒரு மாடி முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. தொட்டியிலிருந்து நூற்றிருபது லிட்டரை வெளியே எடுத்தேன். கருங்கடலை உள்ளே ஊற்றினேன்.

ஒரு மணி நேரத்தில் பவளம் எல்லாம் மூடிக்கொண்டது. மீன்கள் அடியில் போய் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. மகாராணி பாறையை விட்டுக் கழன்று உருள ஆரம்பித்தாள். அங்கேயும் இங்கேயும், அனாதை மாதிரி.

விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். உப்புச் சப்பில்லாமல் இருந்தது. சமையலறைக்கு ஓடி இரண்டு பாக்கெட் உப்பை எடுத்து, ஒன்றைப் பல்லால் கிழித்தேன். போன் அடித்தது.

"எப்படி இருக்கா மகாராணி?"

"ராஜபோகமா இருக்கா, என் கண்ணே."

"உப்பு?"

"முப்பத்தஞ்சு. இப்பத்தான் பார்த்தேன், என் உயிரே."

"ஜெல்யோ, உப்புமானி என் கைப்பையில இருக்கு. நீ உடைச்சிடுவேன்னு எடுத்துட்டு வந்தேன்."

துறைமுகத்தில் ஒருமுறை இரும்புக் கயிறு அறுந்து என் காதோரமாகப் போயிருக்கிறது. அது எவ்வளவோ மேல்.

"கண்ணேன்னா ஒண்ணு உடைஞ்சிருக்கு. உயிரேன்னா ரெண்டு உடைஞ்சிருக்கு," என்றாள். "வாயில என்ன? பேச்சு குழறுது."

"ஒண்ணும் இல்லை."

"உப்புப் பாக்கெட்டைத் துப்பிட்டு, நடந்ததைச் சொல்லு."

சொன்னேன். க்ரோஸ்தானில் தொடங்கி பன்னிரண்டாவது கேன் வரைக்கும் சொன்னேன்.

"ரொட்டியை உப்பு தொட்டுத்தானே திங்கிறே?" என்றாள். "முப்பது வருஷம் கடலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தியே. இத்தனை ஆறு வந்து விழுந்து நம்ம கடல்ல உப்பு மத்த கடல்ல இருக்கிறதுல பாதிதான்யா. அதுவும் நவம்பர்ல. குளிர்ந்துபோன சூப்பை அவ தலையில ஊத்தியிருக்கே."

"அவ முன்னாடியே சுருங்கிட்டா, டோன்கா. அதுல பயந்துதான்..."

"வயித்தைக் காலி பண்ண அப்பப்பச் சுருங்குவா. கொஞ்ச நேரத்துல தானே விரிவா. நீ கக்கூஸ்ல உட்கார்ந்திருக்கிறப்ப யாராவது உன் மேல பச்சத் தண்ணி ஊத்தினாங்களா?"

அவள் சொன்னபடி செய்தேன். உருளுகிற மகாராணி உள்ளே இழுபடாமல் பம்புகளின் வாயில் வலை கட்டினேன். கடையில் வாங்கிய கடலுப்பை அளவுக் கரண்டியால் அளந்து வாளியில் கலக்கி, சூடு ஏற்றி, ராத்திரி முழுக்க அதில் ஒரு பம்பை ஓடவிட்டேன். திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து ஒரு குவளை எடு, ஒரு குவளை ஊற்று. கால் மணிக்கு ஒரு தடவை. நடுவில் மகாராணி ஒரு மூலையில் கிடப்பாள். அசைந்தால் எனக்கு மூச்சு வரும், அசையாவிட்டால் நின்றுவிடும். அன்றைக்கு முழுக்க அவளும் நானும் ஒரே நுரையீரலில் மூச்சு விட்டோம்.

செவ்வாய்க்கிழமை டோன்கா வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கைப்பையைத் திறந்து உப்புமானியை எடுத்தாள், பார்த்தாள். இரண்டு நாள் அவளே குவளையைப் பிடித்தாள். அவள் பெட்டி வாசலிலேயே, பூட்டு திறக்காமல் கிடந்தது. போகவா, இருக்கவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுவரோரமாகவே நடந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மகாராணி பாறையில் கால் ஊன்றினாள். ஒரு விரல் நீட்டினாள். அப்புறம் பத்து. சாயங்காலத்துக்குள் தட்டு அகலம். மீன் இரண்டும் ஓடிப்போய் அவள் மடியில் விழுந்து புரண்டன. டோன்கா பெட்டியை உள்ளே எடுத்துப்போனாள். நான் சுவரில் சாய்ந்து அழுதேன். இரும்பு துருப்பிடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலையில்தான் வாய் திறந்தேன்.

"இனிமே வாரா வாரம் நானே மாத்துறேன், டோன்கா. சத்தியம்."

"எதுக்கு வாரா வாரம்? ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போதுமே. ஒன்பது வருஷமா அப்படித்தானே மாத்துறேன்."

"வாரா வாரம் வாளி தூக்கினேனே?"

"ஒரு வாரம் தொட்டிக்கு. ஒரு வாரம் ஜன்னல் கழுவ. நீ என்னிக்கு வாளிக்குள்ள பார்த்தே?"

"அப்புறம் எதுக்கு என்கிட்ட வாரம்னு சொன்னே?"

"ரெண்டு வாரம்னு சொன்னா நீ அதை மாசமாக்குவே. வாரம்னு சொன்னா ரெண்டு வாரமாக்குவே."

எனக்குள் பழைய கிரேன் ஓட்டி எழுந்து உட்கார்ந்தான். "அப்படின்னா போன சனிக்கிழமை நான் செஞ்சது தப்பே இல்லை."

"இல்லவே இல்லை. போன வாரம் மாத்த வேண்டியதே இல்லை," என்றாள். "முறை இன்னிக்குத்தான்."

வாளியை என் கையில் மாட்டினாள். கழுத்தில் பச்சை ஸ்கார்ப்பைச் சுற்றிக்கொண்டாள். ஜன்னலுக்குக் கீழே க்ரோஸ்தான் விசில் அடித்தான். டோன்கா என் தப்லா பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இதோ வரேன், க்ரோஸ்தான்," என்று குரல் கொடுத்தபடி படி இறங்கினாள்.