பிரெசிதோன் அண்ணை வாங்கிய ஏச்சு

சொந்தமாக ஒரு வேலையும் செய்யாத சங்கத்துக்காக இரவு பகலாக உழைத்த தலைவர் பூமியில் ஒருவர்தான். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவரைப் பிரெசிதோன் அண்ணை என்போம். பிரெஞ்சில் தலைவர் என்று அர்த்தம். அவருடைய இயற்பெயர் அவர் மனைவிக்கே மறந்துவிட்டதாகக் கேள்வி.

விஷயம் இதுதான். பதிவில்லாத சின்னக் குழுக்களுக்கு நகரசபை உதவித்தொகை கொடுக்காது. அண்ணையிடம் பதிவுள்ள சங்கம் இருந்தது, செய்ய வேலை இருக்கவில்லை. ஆகவே மற்றவர்களின் குழுக்களைத் தன் சங்கத்தின் கீழ் சேர்த்து, சங்கத்தின் பெயரில் உதவித்தொகை கேட்டு, வந்ததை அவர்களுக்கே கொடுத்துவிடுவார். சதுரங்கக் குழு, தவில் வகுப்பு, மெத்ரோ ரயிலில் தனியே ஏறப் பயந்தவர்களைக் கூட்டிப் போகும் குழு என்று நாளுக்கு நாள் குடும்பம் பெருகியது.

ஒரே நிபந்தனை, தான் போய்ச் செய்து பாராத எதையும் சேர்க்கமாட்டார். பிரசவத்துக்குப் பிந்திய உடற்பயிற்சி வகுப்பில் பாயை விரித்துப் படுத்தேவிட்டார்.

"அண்ணை, இது பிள்ளை பெத்த ஆக்களுக்கு!" என்றாள் வகுப்பு நடத்தியவள்.

"எனக்கும் மூண்டு பிள்ளையள் இருக்கினம், தங்கச்சி."

நான் சங்கத்தின் செயலாளர். என் பிரெஞ்சு ரொட்டிக் கடையில் பாண் வாங்கப் போதும். பாண் பழசென்று திருப்பிக் கொடுக்கப் போதாது.

ஒருமுறை தாய்மாரின் பிரெஞ்சுப் பேச்சு வகுப்புக்கு ஆபத்து வந்தது. உதவித்தொகையைப் புதுப்பிக்காவிட்டால் மண்டப வாடகைக்கு வழியில்லை, வகுப்பை மூட வேண்டியதுதான். முடிவெடுக்கும் நகரசபை அதிகாரி, ஒரு பெண்மணி, வகுப்பை நேரில் பார்க்க அரை மணித்தியாலம் ஒதுக்கியிருந்தார்.

"அண்ணை, வந்தவுடனை வகுப்பைத் தொடங்குவம்" என்றாள் ராஜி. உணவகத்தில் சமையல் வேலை, வகுப்பில் முதல் வரிசை.

"வீடு தேடி வாற மனிசியை வரவேற்காமல் விடுறதே?"

வரவேற்றார். மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு. பிறகு ஒரு நிமிட மௌனம்.

"ஆருக்கு அண்ணை மௌனம்?" என்று காதுக்குள் கேட்டேன்.

"எங்கையாவது ஆரும் செத்திருப்பினம்தானே. சும்மா நில்லும்."

பிறகு வரவேற்புரை. பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தும் மேடையென்றால் தமிழ்தான் என்று அண்ணை முழங்க, நான் பிரெஞ்சில் முனகினேன். சங்கத்தின் வரலாறு தொடங்கியபோது அதிகாரி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

ராஜி எழுந்தாள். பிரெஞ்சில்தான் பேசினாள்:

"தலைவர் ஐயா, தயவுசெய்து அமருங்கள். இவர் எங்கள் பேச்சைக் கேட்க வந்தார், உங்களுடையதை அல்ல. முன்பு டொக்டரிடம் என் உடம்பு வருத்தத்தை என் மகள்தான் சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயது. அவளிடம் சொல்லக்கூடாததையும் சொன்னேன். இப்போது நானே பேசுகிறேன். உங்கள் பேச்சால் அதை இழக்கமாட்டேன்!"

அண்ணை மைக்கோடு மெல்லக் கதிரையில் அமர்ந்தார். அவர் பேச்சைப் பாதியில் விட்டதை நான் பார்த்தது அன்றுதான்.

அதிகாரி கைப்பையை இறக்கி வைத்துவிட்டு ராஜியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அரை மணித்தியாலம் எப்போதோ கடந்துபோயிற்று. புறப்படும்போது, "வகுப்பு தொடரட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

கதவு சாத்தியதும் அண்ணை என் தோளைப் பிடித்து உலுக்கினார். கண் கலங்கியிருந்தது.

"கேட்டனீரே ஐசே! என்னைப் பிரெஞ்சில ஏசிப்போட்டாள்! ஒரு பிழை இல்லை!"

பிறகு நகைக்கடை, மரக்கறிக்கடை, ரெலிபோன் கடை என்று ஏறி இறங்கி, தான் ஏச்சு வாங்கிய கதையை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு போனார். என் மெத்ரோ நிலையம் எதிர்ப்பக்கம். ஆனாலும் கடைசிக் கடை வரைக்கும் அவருக்குப் பின்னாலேயே நடந்தேன்.