கையில் கிரீஸ் படாத மேஸ்திரி

வேலை செய்கிறவர்கள், செய்யாதவர்கள் என்று மனிதர்களை இரண்டே கூறாகப் பிரிக்கிறவருக்கு விவரம் போதாது. மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு: பக்கத்தில் நின்று டார்ச் பிடிக்கிற மேஸ்திரி. ஸ்பேனரைத் தொடமாட்டார், நகத்தில் கிரீஸ் படாது, வேலை முடிந்ததும் "நாங்க மாத்தினோம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

சுத்தமான உதாரணம் வேண்டுமா? இதோ, கார் ஷெட்டில் இடுப்பில் ஒரு கையும் டார்ச்சில் ஒரு கையுமாக நிற்கிற இந்த அம்மணி. இருபத்தைந்து வயசான ஸ்போர்ட்ஸ் கார் பின்பக்கத்தை மட்டும் இரும்புத் தாங்கிகள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க, அதன் அடியில் மல்லாந்து கிடக்கிறார் வீட்டுக்காரர். புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளுக்குப் புது ரப்பர் புஷ் வளையங்கள். இந்த வண்டியை 'ஓட்டை' என்று சொன்ன அக்காவிடம், "நாலு மணிக்கு அதே வண்டியில உன் வாசல்ல வந்து இறங்கறேன் பாரு" என்று அம்மணி போனில் சபதம் போட்டாயிற்று. மணி இப்போது இரண்டரை. மானம் ஜாக்கியில் தொங்குகிறது.

"ஏங்க, அந்த நாலு போல்ட்டும் லொடலொடன்னு ஆடுது. இறுக்குங்க."

"வண்டிய இறக்கி, சக்கரத்துல வெயிட் உக்காந்தப்புறம்தான் இறுக்கணும். இல்லாட்டி ரப்பர் முறுக்கிக்கும்."

"பாட்டில் மூடியவே பாதி மூடிட்டுப் போற ஆளு நீங்க. இறுக்குங்கன்னா!"

"மொதல்ல லைட்ட போல்ட்டுல காட்டு. என் மூஞ்சில என்ன இருக்கு?"

இருபது வருஷமாகக் குக்கர் ரப்பர் மாற்றுகிற அம்மணிக்கு ரப்பரைப் பற்றி யார் பாடம் எடுப்பது? வீட்டுக்காரர் இறுக்கினார். குடும்பம் நடத்த வேண்டுமே!

வண்டியை இறக்கினார்கள். குதிகால் செருப்புப் போட்டதுபோல் பின்பக்கம் தூக்கிக்கொண்டே நின்றது. அவர் கையால் அழுத்தினார்; கிறீச்சென்றது. அம்மணி அசருவாரா?

"அவசரப்படாதீங்கன்னு அப்பவே சொன்னேன்!"

வீட்டுக்காரர் மறுபடி தூக்கி, நாலு போல்ட்டையும் தளர்த்தி, சக்கரங்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, பாரம் உட்காரும்படி இறக்கி, முதலிலிருந்து இறுக்க ஆரம்பித்தார். இரண்டாவது போல்ட்டில் நாலு மணி அடித்தது. கூடவே போனும் அடித்தது.

"என்னடி, கெளம்பியாச்சா?"

"இந்த மனுஷன்தான்க்கா..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்த அம்மணி கீழே குனிந்து பார்த்தார். மூக்கெல்லாம் கிரீஸ், ஆனாலும் வாயைத் திறக்காமல் ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தார் மனுஷர்.

"இல்லக்கா. நான்தான். இறக்கறதுக்கு முன்னாடியே இறுக்கச் சொல்லிட்டேன்."

அக்கா சிரிக்கப் போகிறாள் என்று அம்மணி பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அட, இவ்வளவுதானா? அந்த ரப்பர்ல நாலு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுடி. வழுக்கிட்டு உக்காரும்!"

வண்டி பக்கத்தில்கூட நிற்காமல்!

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? எண்ணெய் விட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும், அதற்குப் பதிலாக இப்படிச் செய்யலாமே என்று உங்கள் நாக்கு நுனியில் ஒன்று வந்து நிற்கிறதே, அதை அப்படியே விழுங்கிவிடுங்கள். மனுஷருக்கு இன்னும் இரண்டு போல்ட் பாக்கி.