தலையீற்றுத் தாய்மார் நலக்குழு

தாய்மையைப் போற்றுவதில் டென்மார்க்கை மிஞ்ச நாடில்லை. டென்மார்க்கிலும் எங்கள் யூட்லாந்தை மிஞ்ச ஆளில்லை. யூட்லாந்திலோ என் பன்றிப் பண்ணைதான் முதலிடம். இதை நானே சொல்லக்கூடாது. வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

எல்லாம் இனவிருத்தி விஞ்ஞானத்தின் மகிமை. அந்தக் காலத்துப் பன்றி பத்துக் குட்டி போட்டுவிட்டுப் படுத்துவிடும், சோம்பேறி. இன்றையது பத்தொன்பது போடுகிறது. காம்புகள்தான் பதினாலோடு நின்றுவிட்டன. அந்த இலாகாவில் முன்னேற்றம் கொஞ்சம் மந்தம்.

நாற்பத்தேழாம் எண் தலையீற்றுப் பன்றியும் பத்தொன்பது ஈன்றது. கைதட்டினோம். ஆனால் குட்டிகளுக்கு எடை ஏறவில்லை. உடனே பன்றி வளர்ப்பு ஆலோசகர் உல்ரிக் வந்தார். என் சமையலறையில் அவசரக் கூட்டம் நடந்தது. காபி, இலவங்கப்பட்டை ரொட்டி, ஆழ்ந்த கவலை எல்லாம் பரிமாறப்பட்டன. என் மனைவி லிஸ்பெத் எங்கள் தலைச்சன் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பால் சுரக்கறதுல நாப்பத்தேழுக்கு 'ஈடுபாடு' பத்தலை," என்றார் உல்ரிக். "வெள்ளிக்கிழமைக்குள்ள குட்டிங்க சராசரி எடை ஏறலைன்னா அனுப்பிட வேண்டியதுதான்."

எங்கே என்று அவர் சொல்லவில்லை. இறைச்சிக்கூடம் என்ற சொல்லைக் காபி நேரத்தில் நாங்கள் உச்சரிப்பதில்லை.

லிஸ்பெத்துக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "முதல் ஈத்து அது, உல்ரிக்! அவளே இன்னும் வளர்ற பொண்ணு. எனக்குப் பால் சரியா வராதப்போ நர்ஸ் வீடு தேடி வந்து, 'பதறாத, நல்லா சாப்பிடு, தூங்கு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. புதுசா பெத்தவங்க ஒண்ணா காபி குடிச்சுப் பேசற தாய்மார் குழுவுல நகராட்சியே சேத்துவிட்டுது. அவளுக்கு மட்டும் லாரியா?"

"தாய்மார் குழு!" உல்ரிக் துள்ளி எழுந்தார். "அடடா, இது ஏன் எனக்குத் தோணாமப் போச்சு!"

அன்றே தலையீற்றுப் பன்றிகளுக்குக் குழு அமைத்தோம். கொட்டகையில் பலகை மாட்டினோம். உறுப்பினர்கள் இரும்புச் சட்டக் கூண்டுகளுக்குள் திரும்ப முடியாமல் நின்றதால், அனைவரும் ஒரே சுவரை ஒற்றுமையாகப் பார்த்தார்கள். ஒரு சண்டை இல்லை, ஒரு புறம்பேச்சு இல்லை. அவர்கள் சார்பில் காபியை நாங்களே குடித்தோம். லிஸ்பெத் மட்டும் தீனியும் தண்ணீருமாக நாற்பத்தேழிடம் ஓடிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து கவலைப்படும் பக்குவம் அவளுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை எடை போட்டோம். சராசரி ஏறியிருந்தது! உல்ரிக் என்னைக் கட்டிக்கொண்டார். "குழு ஜெயிச்சிடுச்சு அஸ்கர்!"

லிஸ்பெத் குட்டிகளை எண்ணினாள். "பதினாலுதானே இருக்கு? நோஞ்சானா இருந்த அஞ்சு எங்க?"

"செத்துப்போச்சு. பாவம்," என்றேன்.

"அதனாலதான் சராசரி ஏறிச்சா?"

"உயிரோட இருக்கறவங்களைத்தானே தராசுல வைக்க முடியும்?" என்றார் உல்ரிக், மரியாதையாக.

அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதாள். நான் பதிவேட்டில் பத்தொன்பதை அடித்துப் பதினாலு என்று எழுதினேன்.

நாற்பத்தேழு பிழைத்தாள். பரிசாக மறுசினைக்கு உத்தரவாயிற்று.

"இந்தத் தடவை இருபத்திரண்டு!" என்றார் உல்ரிக்.

"காம்பு பதினாலுதானே?" என்றாள் லிஸ்பெத்.

"அது அவ பாடு."

சரிதானே? இத்தனை வருடத்தில் பால் போதவில்லை என்று என் மேலோ உல்ரிக் மேலோ ஒரு புகார் வந்ததில்லை. தாயை அவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறோம். எந்தப் பழி விழுந்தாலும் முதலில் அவள் தலையில்தான் விழும்.